ஒரு கேள்வியும் கேட்டதில்லை

எங்கள் எஸ்டேட் ரோட்டில் லோரி வளைந்து போவதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. ஒன்று மண்சரிவு. இரண்டு மாடு. மூன்றாவது அவர். மண்ணை வாரிவிடலாம், மாட்டை அதட்டலாம். அவரை ஒன்றும் செய்ய முடியாது. நடந்து வந்துகொண்டே இருப்பார், ரோட்டின் நடுவில் நின்றுவிடுவார். மழை பெய்தால் மழையோடு நிற்பார். கையில் குடை இருக்கும், விரிக்க மறந்திருப்பார். லோரிக்கார மாணிக்கம் ஆரன் அடித்து ஓய்ந்து, ஒரு பக்கச் சக்கரத்தைத் தேயிலை ஓரமாக இறக்கி, அவரைச் சுற்றிக்கொண்டு போவான். போகும்போது கண்ணாடியை இறக்கி, "அண்ணே, யோசிச்சு முடிச்சிட்டா சொல்லுங்க லா, திரும்பி வரப்ப நேரா வரேன்" என்பான். அவன்தான் அவருக்குப் 'பிரேக்கு' என்று பேர் வைத்தவன்.

அவருடைய உண்மையான பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைப் போட்டு நான் ஒரு தடவை டைப் அடித்த லட்சணமே போதும். அண்ணன் என்றே சொல்கிறேன். எதிரில் நின்று அப்படித்தான் கூப்பிட்டேன்.

எழுபதுகளின் நடுவில் நான் எஸ்டேட் ஆபீசில் சின்ன கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். என் வேலை டைப் அடிப்பது, தானா ராத்தா டவுன் போஸ்டாபீசிலிருந்து தபால் பையைத் தூக்கி வருவது, பெரிய கிராணிக்குக் கத்த ஆள் வேண்டும்போது எதிரில் நிற்பது. அண்ணன் அப்போது தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், தராசுப் பக்கத்தில் ஒரு ஆடுகிற மேசையோடு இருந்தார். அவரும் கிராணிதான், ஆனால் தற்காலிகம். மூன்று மாதத்துக்கு என்று எடுத்திருந்தார்கள். நான் சேரும்போதே அந்த மூன்று மாதத்துக்கு நாலு வயதாகியிருந்தது.

எங்கள் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்தான். அம்மா கொழுந்து வெட்டினார். படிப்பு ஒன்றுதான் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. முதலில் கோலாலம்பூர், பிறகு இங்கிலாந்து. குவாண்டம் பௌதிகத்தில் டாக்டர் பட்டம். அதிலும் கருவி, கம்பி, குழாய் எதுவும் இல்லாத பௌதிகம். காகிதம், பென்சில், மண்டை, அவ்வளவுதான் சாமான். பட்டம் வாங்கிய பிறகு அங்கேயே இரண்டு வருஷ ஆராய்ச்சி வேலை. அது முடிந்தது. அடுத்தது வரவில்லை. அந்த வருஷங்களில் அந்த மாதிரி வேலைகள் எல்லா நாட்டிலும் சுருங்கிக்கொண்டிருந்தன, ஒரு நாற்காலி காலியானால் அதைச் சுற்றிப் பெரிய கூட்டமே நிற்கும் என்று அவர் சொல்வார். விசா முடிந்ததும் ஒரு தகரப் பெட்டி நிறையக் காகிதத்தோடு திரும்பி வந்தார். உள்ளூரில் கேட்டுப் பார்த்தார். கருவி வைத்துச் சோதனை செய்யத் தெரிந்தவர்களைத் தேடினார்களே தவிர, பென்சிலோடு உட்காருகிறவரை யாரும் தேடவில்லை.

"அண்ணே, நீங்க அங்க என்னதான் படிச்சீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். சாப்பாட்டு நேரம். டிபன் கேரியர் மூடியில் இருந்த சோற்றை ரொம்ப நேரம் பார்த்தார். சோற்றைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வார் போல இருந்தது.

"ரொம்பச் சின்னப் பொருள் இருக்குல்ல தம்பி, அணுவுக்குள்ள. அளந்து பாத்தா ஒரு எடத்துல இருக்கும். அளக்கறதுக்கு முன்னால அது எங்க இருந்துச்சுன்னு கேக்கலாமா, கேக்கக் கூடாதா? அதுதான் என் வேலை."

"எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கறதா?"

"இல்ல. கேக்கலாமா கூடாதாங்கறது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கா இங்கிலாந்து வரைக்கும் போனீங்க? துரைகிட்ட எதைக் கேக்கலாம் எதைக் கேக்கக் கூடாதுன்னு எங்கப்பா எனக்கு அஞ்சு வயசுலயே சொல்லிக் குடுத்துட்டாரு லா."

அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "என்னென்ன கேக்கக் கூடாதுன்னாரு?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சில் வெளியே வந்துவிட்டது.

அவ்வளவுதான் அண்ணன். அவரிடம் வேறு ஒரு குணமும் எனக்குத் தெரியாது. கேட்பார். பதில் வரும் வரைக்கும் நிற்பார். பதில் உங்களிடமிருந்து வர வேண்டும் என்றுகூட இல்லை, தேயிலைச் செடியிடமிருந்து வந்தாலும் சரி.

மலையில் கொழுந்து பாதி நாள் ஈரமாகத்தான் வரும். அந்த ஈரத்துக்காக ஆபீஸ் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரே அளவு எடையைக் கழித்துக்கொள்ளும். மழை கொட்டினாலும் அதே கழிவு, பனி மட்டும் விழுந்தாலும் அதே கழிவு, சுள்ளென்று வெயில் அடித்தாலும் அதே கழிவு. எந்தக் காலத்திலோ ஏதோ ஒரு துரை சொன்னது. யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அண்ணன் கேட்டார். கேட்டதோடு விடாமல் ஒரு மூட்டையை நிறுத்து, சாக்கு விரித்து, கொழுந்தைப் பரப்பி, தண்ணீர் போனதும் மறுபடி நிறுத்தார். வரிசை கொட்டகையைத் தாண்டி ரோட்டு வளைவு வரைக்கும் போய்விட்டது. பெண்கள் எல்லாரும் முதுகில் மூட்டையோடு நின்றார்கள்.

முன்னால் நின்ற அஞ்சலை அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏண்ணே, எவ்வளவு தண்ணின்னு அந்தத் தராசைக் கேட்டா அதுக்கு என்னா தெரியும்? என் முதுகைக் கேளுங்க, அது சொல்லும்" என்றாள்.

வரிசை முழுக்கச் சிரித்தது. அண்ணன் சிரிக்காமல் நின்றார். பிறகு, "சரி, உன் முதுகு எவ்வளவுன்னு சொல்லுது?" என்று கேட்டார்.

அவள் ஒரு அளவு சொன்னாள். நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரு வாரம் இதே கூத்து. கடைசியில் பார்த்தால், முக்கால்வாசி நாள் ஆபீஸ் கழிப்பது இருக்கிற தண்ணீரைவிட அதிகம். அஞ்சலையின் முதுகு தராசுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. இதை ஒரு பக்கம் எழுதி மேனேஜர் துரைக்குக் கொடுத்தார். கொழுந்தைக் காக்கவைத்ததற்காக அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. டைப் அடித்தவன் நான்.

இரண்டாவது எச்சரிக்கையையும் நான்தான் அடித்தேன். பேக்டரியைச் சுற்றிப் பார்க்க வெளியூர் ஆட்கள் வந்திருந்தார்கள். கொழுந்து வாட்டும் மாடியில் துரை பெருமையாக விசிறியைக் காட்டிக்கொண்டிருந்தபோது, அண்ணன் பின்னாலிருந்து, விசிறி ஓடுவதால் இலை வாடுகிறதா, இல்லை எப்படியும் வாடப்போகிற இலைக்கு நாம் விசிறி ஓட்டுகிறோமா என்று கேட்டுவிட்டார். வந்தவர்கள் துரையின் முகத்தைப் பார்த்தார்கள். துரை விசிறியைப் பார்த்தார். மூன்றாவது எச்சரிக்கை ரோட்டில் நின்றதற்கு. அன்றைக்கு மாணிக்கத்தின் லோரிக்குப் பின்னால் துரையின் மோட்டார் காடி இருந்தது.

மூன்று கடிதங்களும் என் பைலில் இருந்தன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன், அதில்தான் எல்லாம் கெட்டது.

மாதத்துக்கு ஒரு தடவை தபால் பையில் அவருக்கு ஒரு பத்திரிகை வரும். இங்கிலாந்துப் பௌதிகக்காரர்களுடையது, கப்பலில் வருவது. பழுப்பு உறையைப் பிரித்ததும் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போவார். அங்கேதான் காலி இடங்கள் இருக்கும். எந்தப் பல்கலைக்கழகத்தில் யார் வேண்டும், எத்தனை வருஷத்துக்கு, எந்தத் துறையில். கப்பல் வந்து சேர்வதற்குள் பாதி இடங்களுக்குக் கடைசித் தேதி போயிருக்கும். அந்த இடங்களையும் படிப்பார். "இது நான் போட்டிருக்க வேண்டியது" என்பார், கல்யாணமாகிப் போன பெண்ணைப் பற்றிச் சொல்வது போல.

தேதி மிச்சம் இருப்பதற்கெல்லாம் எழுதினார். ஆபீஸ் மூடிய பிறகு நான் டைப் அடித்துக் கொடுப்பேன். அவருடைய சூத்திரங்களுக்கு எங்கள் மெசினில் எழுத்துக் கிடையாது. நான் இடம் விட்டுவிட்டு அடிப்பேன், அவர் பேனாவால் நிரப்புவார். கொட்டகை மேசையிலேயே, பழைய கொழுந்துக் கணக்குத் தாளின் முதுகில் எழுதி எழுதி இரண்டு கட்டுரைகள் முடித்து அனுப்பினார். இரண்டும் வெளிநாட்டில் அச்சாகின. லயத்தில் யாருக்கும் சொல்லவில்லை. எனக்குப் பால் இல்லாத கோப்பி ஓ ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

பதில்கள் வரும். எல்லாம் ஒரே மாதிரி. வருந்துகிறோம், நிறையப் பேர் விண்ணப்பித்தார்கள். அண்ணன் மடித்து வைத்துவிட்டு, "எவ்வளவு வருந்துனாங்கன்னு சொல்ல மாட்டேங்கறாங்க தம்பி" என்பார். சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் நான் சிரிப்பேன். எனக்கு எது தெரியாவிட்டாலும் சிரித்துவிடுவது வழக்கம்.

எழுபதுகள் முடியும் சமயத்தில் அந்த விளம்பரம் வந்தது. கனடாவில் குளிர் கூடின ஒரு ஊர், சின்னப் பல்கலைக்கழகம். குவாண்டம் கோட்பாட்டில் ஒரு ஆராய்ச்சி இடம், பிடித்துப்போனால் நிரந்தரம். அவர் உட்கார்ந்து யோசித்த விஷயத்தையே அச்சில் போட்டிருந்தார்கள். ஒரு நிபந்தனை, டாக்டர் பட்டம் வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அவருக்கு ஒன்பதரை ஆகியிருந்தது.

"இது போச்சுன்னா எனக்கு அடுத்தது இல்ல தம்பி" என்றார். சாதாரணமாகச் சொன்னார். அந்த விண்ணப்பத்தை நான் நாலு தடவை அடித்தேன், ஒரு எழுத்துப் பிசகாமல்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது, இந்தத் தடவை வருத்தம் இல்லாமல். கடைசி மூன்று பேரில் அவரும் ஒருவர். அவரை அறிந்தவர்களுக்குத் தாங்களே எழுதி, அவர் எப்படிப்பட்டவர் என்று ரகசியமாகக் கேட்டுக்கொள்கிறோம் என்றிருந்தது. இங்கிலாந்தில் அவருடைய புரபசர் ஒருவர், இன்னொரு புரபசர், பிறகு இப்போது வேலை கொடுப்பவர். அதாவது எங்கள் துரை.

அண்ணன் அன்றைக்கு ரோட்டில் நிற்கவில்லை. மாணிக்கம் லோரியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, அவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று என்னிடம் விசாரித்தான்.

எனக்குத்தான் உடம்புக்கு வந்தது. துரை என்ன எழுதுவார்? பைலை எடு என்பார். பைலில் மூன்று எச்சரிக்கை. இந்த ஆள் கேள்வி கேட்கிறவர், வேலையை நிறுத்திவிட்டு யோசிக்கிறவர், பெரியவர்கள் எதிரில் வாயைத் திறக்கிறவர் என்று கனடாக்காரனுக்குத் தெரிந்துவிட்டால்? எந்த மடையன் வேலை கொடுப்பான்? கனடாவிலிருந்து துரைக்குக் கடிதம் வந்து சேரும் வரை ஒரு வாரம் தூங்கவில்லை. கஞ்சியும் மிலோவும்தான் தங்கின.

வந்தது. அப்போதைய துரை சீமைக்காரர் இல்லை, கோலாலம்பூரிலிருந்து வந்த தமிழர்தான். ஆனாலும் துரை துரைதான். கடிதத்தை என் பக்கம் தள்ளி, "வழக்கம் போல எழுது. நல்லாவே எழுது. அந்த ஆளு போனா எனக்கும் நிம்மதி" என்றார். பைலைக் கேட்கவில்லை. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

வழக்கம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். ஒரு எஸ்டேட்டை விட்டு இன்னொரு எஸ்டேட்டுக்குப் போகிறவருக்குத் துரை ஒரு நற்சான்றுத் தாள் கொடுப்பார். அந்தப் பக்கத்துத் துரை அதில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் தேடுவார். இந்த ஆளால் தொல்லை வருமா, வராதா. அதனால் அந்தத் தாளில் வருகிற வார்த்தைகளுக்குள் படிக்கட்டு உண்டு. 'நல்லவர்' என்றால் அடிப்படி, யாருக்கும் போடலாம். 'கடின உழைப்பாளி' அதற்கு மேல். 'கீழ்ப்படிகிறவர்' இன்னும் மேல். உச்சியில் ஒரு வாக்கியம் இருந்தது. 'இத்தனை வருடத்தில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.' பழைய பைல்களைப் புரட்டியதில் அதைப் பெற்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் பழைய துரையின் சமையல்காரர். இன்னொருவர் குதிரைக்காரர். அதை எழுதியவர் குதிரையை மனதில் வைத்து எழுதியிருக்க வேண்டும்.

நான் உச்சிக்குப் போனேன். அதையும் தாண்டிப் போனேன். இங்கிலீசில்தான் அடித்தேன், தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'இவர் எங்களிடம் பணியாற்றிய இத்தனை வருடத்தில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வார். வேலை நேரத்தில் இவர் சும்மா நின்று யோசித்ததை யாரும் கண்டதில்லை. மேலதிகாரிகளின் கருத்தே இவருடைய கருத்து. புதிதாக எதையும் செய்து பார்க்கும் பழக்கம் இவரிடம் இல்லை.'

கடைசி வாக்கியம் என் சொந்தச் சரக்கு. விரித்த சாக்கை நினைத்துப் போட்டேன். ஒவ்வொரு எச்சரிக்கைக் கடிதத்துக்கும் ஒரு வாக்கியம் பதில். தகரக் கூரையின் ஓட்டையைத் தார் வைத்து அடைப்பது போல ஒவ்வொன்றாக அடைத்தேன்.

துரை படித்தார். மறுபடி மேலே போய்ப் பெயரைப் பார்த்தார். "யாரு இது?"

"நம்ம கொழுந்துக் கிராணிதாங்க துரை."

"இப்படி ஒரு ஆளு எங்கிட்ட இருந்தா நான் எதுக்குக் கனடாவுக்கு அனுப்பறேன்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு நான் தபால் பையைத் தூக்கிக்கொண்டு தானா ராத்தாவுக்கு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். கொட்டகையைத் தாண்டும்போது அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்தேன். "நம்ம பக்கம் கவலையே வேணாம் லா" என்றேன். ரகசியம் என்று எழுதியிருந்ததால் அதற்கு மேல் சொல்லவில்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உலகத்தில் எல்லாவற்றையும் கேட்டவர் அதை மட்டும் கேட்கவில்லை.

வருந்துகிறோம் என்று வந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டு, எவ்வளவு என்றெல்லாம் சொல்லவில்லை. பத்திரமாக மடித்தார். நான் கனடாக்காரர்களைத் திட்டினேன். நிறம் பார்த்திருப்பான், ஊர் பார்த்திருப்பான், தேயிலை வாசனை பிடிக்காதவனாக இருப்பான் என்று என்னென்னவோ சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து அவருடைய பழைய புரபசரிடமிருந்து ஒரு நீலக் கடிதம். அதை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், பக்கத்தில் நின்று படிக்கவும் விட்டார். கனடாவில் இருக்கும் தன் நண்பரிடம் அந்தக் கிழவர் விசாரித்திருக்கிறார். இவருக்குத்தான் முடிவாகியிருந்ததாம். கடைசியில் வந்த எஸ்டேட் கடிதம் கவிழ்த்துவிட்டதாம். புரபசர்கள் நாங்கள் எழுதிய ஆளும் உன் முதலாளி எழுதிய ஆளும் ஒரே ஆள்தானா என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, இத்தனை வருஷத்தில் ஒரு கேள்வியும் கேட்காதவர் இந்த வேலைக்கு எதற்கு என்று கேட்டார்களாம்.

அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பி, "தம்பி, துரை அனுப்புன கடுதாசியோட நகல் இருக்கா?" என்றார்.

எனக்கு அப்போதும் முழுசாகப் புரியவில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது. நகலைக் கரையான் அரித்துவிட்டது என்றேன். கடிதம் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. இந்தக் குளிரில் அவ்வளவு பசியோடு எந்தக் கரையான் இருக்கும்? ஆபீசுக்கு ஓடினேன், பைலிலிருந்து கார்பன் நகலை உருவி ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டேன். வெளியே மாணிக்கத்தின் லோரி கிளம்பிக்கொண்டிருந்தது. எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்காமல் ஏறினேன். கோலா தெர்லா ஊர் வரைக்கும் போனான். அங்கே எனக்கு எந்த வேலையும் இல்லாததால் ஒரு கடையில் மூன்று தட்டு மீ நூடுல்ஸ் சாப்பிட்டேன். திரும்பும்போது கியா பார்ம் காய்கறிச் சந்தையில் இறங்கி, ஏதாவது வாங்கினால்தானே வந்ததற்குக் காரணம் இருக்கும் என்று பதினோரு முட்டைக்கோஸ் வாங்கினேன். தனிக்கட்டை ஆள். மாணிக்கம் முட்டைக்கோஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "கல்யாணமா?" என்றான்.

சாயங்காலம் பனி இறங்கும்போது எஸ்டேட் வாசலில் லோரி பிரேக் போட்டது. ரோட்டின் நடுவில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஆனால் இந்தத் தடவை யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பயப்படாத தம்பி. படிக்கத்தான் கேட்டேன்."

ஸ்வெட்டருக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன். வேர்வையில் நனைந்திருந்தது. பிறகு பார்த்தால் பனியனில் நாலு வரி நீலமாக, இடம் வலம் மாறிப் பதிந்திருந்தது. அது துவைத்தும் போகவில்லை.

கொட்டகைக்குள் போய், தன் கட்டுரைகளைப் படிக்கிற மாதிரியே பென்சிலோடு படித்தார். இரண்டு தடவை. நான் ஒரு முட்டைக்கோஸைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் நின்றேன். பேசத் தொடங்கினால் நிறுத்த முடியவில்லை. இதுதான் இருப்பதிலேயே உசத்தி வாக்கியம் அண்ணே, இதுவரைக்கும் ரெண்டு பேருக்குத்தான் குடுத்திருக்காங்க, மூணு வார்னிங்கையும் மறைச்சேன், உங்களுக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னு ஒவ்வொரு வார்த்தையா பாத்துப் பாத்துப் போட்டேன் என்று உளறினேன்.

"தெரியுது" என்றார். "ஒரு பிழைகூட இல்லாம அடிச்சிருக்க."

பென்சிலைச் சட்டைப் பைக்குள் வைத்தார், நகலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த எஸ்டேட்டுல இதுக்கு மேல நல்ல பேரு யாருக்கும் கெடைக்காது, இல்ல தம்பி?"

திட்டியிருக்கலாம். முட்டைக்கோஸைப் பிடுங்கி என் தலையில் போட்டிருக்கலாம். நான் அதற்கெல்லாம் தயாராக இருந்தேன். இதற்கு இல்லை.

மறுநாள் நானே கனடாவுக்கு எழுதினேன், என் சொந்த ஸ்டாம்பில். நான் ஒரு முட்டாள் கிராணி, அந்தக் கடிதத்தில் இருப்பதையெல்லாம் திருப்பிப் போட்டுப் படியுங்கள், அதுதான் அந்த மனிதர் என்று எழுதினேன். ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது. இடம் நிரம்பிவிட்டது. அந்தப் பதில் வந்த வாரத்தில் அண்ணனுடைய பட்டத்துக்குப் பத்து வயது முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை. அவர் குடிக்கவில்லை, அழவில்லை, எங்கேயும் போகவில்லை. நிற்பதை நிறுத்திவிட்டார். கேட்பதை நிறுத்திவிட்டார். ரோட்டில் ஓரமாக நடந்தார், லோரிக்கு ஒதுங்கினார். மாணிக்கத்துக்கு முதல் ஒரு மாதம் கை பழகவில்லை. அந்த வளைவு வந்தால் தானாக வேகத்தைக் குறைத்தான். கொட்டகையில் வரிசை மளமளவென்று நகர்ந்தது. பெண்கள் நேரத்தோடு வீட்டுக்குப் போனார்கள். துரை சந்தோஷப்பட்டு 'தற்காலிகம்' என்பதை எடுத்துவிட்டார். பத்திரிகையை அவர் நிறுத்திவிட்டார். கப்பலில் ஏற்கெனவே கிளம்பிவிட்ட மூன்று இதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உறை பிரிக்காமல் மேசைக் காலுக்கு அடியில் வைத்தார். மேசை அதற்குப் பிறகு ஆடவில்லை.

நான் தூண்டிப் பார்த்தேன். முட்டாள்தனமாக ஏதாவது சொல்வேன், அவரால் பொறுக்க முடியாது என்று நினைத்து. சூரியன் மேற்கே தானா ராத்தாவில் போய் விழுகிறது என்று ஒருநாள் சொன்னேன். "சரி தம்பி" என்றார்.

ஒருநாள், எண்பதுகள் பிறந்து கொஞ்ச வருஷம் ஆகியிருக்கும், மலையில் அபூர்வமாக ஒரு வாரம் வெயில். கொழுந்து காய்ந்த வைக்கோல் மாதிரி வந்தது. அண்ணன் மூட்டையை நிறுத்தார், ஈரத்துக்குக் கழித்தார், எழுதினார். அஞ்சலை அக்கா நகராமல் நின்றாள்.

"இன்னிக்கு ஒரு சொட்டுத் தண்ணி இல்லையே. என்னாத்துக்குக் கழிக்கறீங்க?"

"ஆபீஸ் கணக்கும்மா. அடுத்த ஆளு வா."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, ஆபீஸ் தாளோடு பக்கத்தில் நின்றிருந்த என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மூட்டைச் சாக்கை உதறி மடித்துக்கொண்டு போனாள்.

நான் அன்றைக்கு ஆபீசுக்குத் திரும்பிப் போய் அந்தக் கார்பன் நகலை எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தது. இப்போது அதில் ஒரு பொய்கூட இல்லை. டைப் அடித்த நாளில் இல்லாத ஒரு ஆளை நான்தான் அடித்து உண்டாக்கியிருந்தேன். நான் பெரிய கிராணி ஆனபோது மேசையை மாற்றினேன், பைல்களை மாற்றினேன். அதை மட்டும் கையோடு கொண்டுபோனேன்.

எண்பதுகளின் கடைசியில் அவருடைய அம்மா போய்விட்டார். ஈப்போவில் தங்கை வீட்டோடு இருக்கப்போகிறேன் என்றார். விலகும்போது தருகிற நற்சான்றுத் தாளை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. பழைய தாளையே தேதி மாற்றிக் கொடுத்திருக்கலாம், அதுதான் வேதனை.

பஸ்ஸேற்ற நான் போனேன். தானா ராத்தாவில் பனி பஸ்ஸின் பாதியை விழுங்கியிருந்தது. தகரப் பெட்டியை மேலே ஏற்றினேன். இரண்டு டிக்கெட் கொடுத்தார்கள், அவருக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. கையில் குடை, விரிக்கவில்லை. தாப்பா போகிற பஸ், அங்கே இறங்கி ஈப்போவுக்கு மாற வேண்டும், இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என் தோளைத் தட்டிவிட்டுப் படியில் ஒரு காலை வைத்தார்.

நின்றுவிட்டார்.

ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். முகம் எங்கேயோ போய்விட்டது. பழைய முகம். அந்த ரோட்டில் மழையில் நின்ற அதே முகம். பின்னால் ஏற வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். கண்டக்டர் சீக்கிரம் ஏறுங்க என்று தகரத்தைத் தட்டினான். நான் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன்.

"பொறு லா," என்றேன். "அவரு யோசிக்கறாரு."

யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். ஒரு மனிதரைப் பற்றி நான் வாயால் கொடுத்த முதல் சரியான நற்சான்று அதுதான். பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த இரண்டு வார்த்தையை மட்டும் டைப் அடித்துக் கனடாவுக்கு அனுப்பியிருந்தால் போதும். பஸ் முழுக்கக் காத்திருந்தது. நானும் காத்திருந்தேன்.

அண்ணன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"இங்கதான் இருக்கு தம்பி, டிக்கெட்டு" என்று சொல்லிவிட்டு, ஏறி, உள்ளே போய் உட்கார்ந்தார்.